கீழ்வயல் வேலி

எம்ரிஸின் கீழ்வயல் வேலியைப் பற்றி டவி பள்ளத்தாக்கில் பேசாத வாய் இல்லை. அந்த ஊரில் ஒரு மனிதன் குடிக்கலாம், ஞாயிற்றுக்கிழமை சேப்பல் வழிபாட்டுக்கு மட்டம் போடலாம், பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு ஆட்டுக் கொட்டகையில் படுக்கலாம், எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வார்கள். வேலியை வெட்டாமல் விட்டால் மட்டும் பொறுக்க மாட்டார்கள். குளிர்காலத்தில் வேலிகளைச் சுவர் மாதிரி நேராக வெட்டி நிறுத்த வேண்டும். வெட்டாதவன் நோயாளி, அல்லது கடனாளி, அல்லது இங்கிலாந்திலிருந்து வந்து பண்ணை வாங்கியவன். எம்ரிஸின் அப்பா செத்த வாரத்தில்கூட வேலி வெட்டி முடித்த பிறகுதான் அடக்கம் நடந்தது என்று ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் மிகைதான். ஆனால் அந்த வீட்டில் யாரும் அதை மறுத்ததில்லை.

அப்பேர்ப்பட்ட வீட்டு வேலி இரண்டு குளிர்காலமாகத் தலைவிரி கோலமாக நின்றது. கருமுள் புதர்கள் கண்ட பக்கமெல்லாம் கிளை நீட்டியிருந்தன. அடியிலிருந்து இளங்கன்றுகள் கிளம்பிப் புல்வெளிக்குள் நடந்து வரத் தொடங்கியிருந்தன. கீழ்வயல் வேறு சாலையோரம். போகிறவன் வருகிறவனெல்லாம் பார்க்கிற இடம்.

ஆட்டுச் சந்தையில் சும்மா விடுவார்களா?

"என்ன எம்ரிஸ், உன் வேலி வயலை மேயுதாமே? பேசாம ஆட்டை வித்துட்டு வேலியைப் பட்டியில அடைச்சுடு."

"அட, நீ வேற. அவரு பட்டாம்பூச்சிக்குப் பிரசவம் பார்த்துக்கிட்டு இருக்காரு. நம்ம டெலித்தம்மாதான் மருத்துவச்சி."

"பொறக்கறப்போ சொல்லுப்பா, தொட்டில் வாங்கிட்டு வர்றோம்."

எம்ரிஸ் சிரித்து வைப்பார். அறுபது வயதுக்கு மேல் ஊர் சிரிக்க நிற்பது அவருக்குப் பழக்கமில்லாத காரியம்.

இதற்கெல்லாம் காரணமான டெலித், ஊருக்கே பல் பிடுங்கிய டாக்டர். ஓய்வு பெற்றதும் சும்மா உட்கார முடியாமல் பட்டாம்பூச்சிகளைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டார் என்றால் வலைபோட்டு அல்ல. பண்ணை பண்ணையாக ஏறி இறங்கி, எது எங்கே எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து எழுதும் கூட்டத்துக்குத் தலைவியானார். தன் நாற்காலியில் ஒருமுறை வாயைப் பிளந்துகொண்டு படுத்தவர்களை அவர் பிறகு 'நீ' என்றுதான் கூப்பிடுவார். அந்த ஊரில் படுக்காதவர்கள் யாரும் இல்லை.

அவர் தேடி வந்தது பழுப்புக் கோடன் என்ற சின்னப் பூச்சியை. ஆகஸ்டில் உயரமான மரங்களின் உச்சியில் கொஞ்ச நாள் பறந்துவிட்டுப் போய்விடும். கண்ணில் படுவது குதிரைக்கொம்பு. ஆனால் கருமுள்ளின் குச்சிகளில் அது இட்டுவிட்டுப் போகும் முட்டை குளிர்காலம் முழுக்க அப்படியே இருக்கும். இலையெல்லாம் உதிர்ந்த ஜனவரியில், மூக்கு ஒழுக ஒழுக, வேலி வேலியாகத் துழாவி அந்த முட்டைகளை எண்ணிப் பதிவு செய்வார்கள். வருஷா வருஷம் வேலியைச் சிரைக்கிற பண்ணைகளில் முட்டைகளும் அந்த வெட்டிலேயே போய்விடும். எம்ரிஸின் கீழ்வயலில் எப்படியோ கொஞ்சம் மிஞ்சியிருந்தன.

"பார் எம்ரிஸ், இதோ, கிளை பிரியற இடத்துல. தெரியுதா?" என்று டெலித் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய புதரின் குச்சியைப் பிடித்துக் காட்டினார்.

எம்ரிஸ் குனிந்தார். மூக்குக் கண்ணாடி வீட்டில் இருந்தது. அவருக்குத் தெரிந்தது ஒரு சாம்பல் நிறக் குச்சி, ஒரு முள், அப்புறம் டெலித்தின் கட்டைவிரல்.

"அடேயப்பா! என்ன அழகு!" என்றார்.

பல் டாக்டர் கேட்டால் வலிக்கவில்லை என்று சொல்லியே பழகிய வாய். அதற்குமேல் இன்னொரு கேள்வி வராமல் இருக்க, மூன்று வருஷத்துக்கு இந்த வேலியைத் தொடுவதில்லை என்று கையடித்துச் சத்தியமும் செய்துவிட்டார்.

பண்ணையின் மற்ற வேலிகளை வருஷம்தோறும் கூலிக்கு வெட்டித் தருபவன் கெரைன்ட். பக்கத்து மேட்டில் வீடு, நாலு இடத்தில் வேலை செய்து பிழைக்கிற இளைஞன், வாய் அதிகம் கிடையாது. கீழ்வயலை விட்டுவிடு என்று எம்ரிஸ் சொன்னதும் ஏன் எதற்கு என்று கேட்காமல் விட்டான். அதோடு நிற்காமல், டெலித்தோடு ஒரு நாள் போய் முட்டை தேடவும் கற்றுக்கொண்டான். டெலித்துக்கு அவன்மேல் ஒரே பெருமை. பூச்சிக்குச் சேதமில்லாமல் எந்த வேலியை எப்போது வெட்டுவது என்று திட்டம் போட்டு, பள்ளத்தாக்கின் பண்ணைகளை எல்லாம் அதில் சேர்த்து, வேலையைக் கெரைன்டிடமே கொடுக்கச் சொல்வதாக இருந்தார். அவனுக்கு அது பெரிய விஷயம். குளிர்காலம் முழுக்க உள்ளூரிலேயே வேலை கிடைத்தால் யாருக்குக் கசக்கும்?

இந்த ஜனவரியில் டெலித் போன் செய்தார்.

"சனிக்கிழமை எங்க ஆளுங்க எல்லாரையும் உன் பண்ணைக்குக் கூட்டிட்டு வர்றேன். வெளியூர்லேருந்தும் வர்றாங்க. ஒரு விவசாயி மனசு வெச்சா என்ன ஆகும்னு அவங்க பார்க்கணும். கெரைன்டையும் வரச் சொல்லு, அறிமுகம் பண்ணி வைக்கிறேன்."

எம்ரிஸின் பெண்டாட்டி நெஸ்டாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஜன்னல் திரையைத் துவைத்தாள். பழ ரொட்டிக்குத் தேநீரில் திராட்சை ஊறப் போட்டாள். வாசல் கல்லைத் தேய்த்துக் கழுவினாள். "வெளியூர்க்காரங்க வர்றாங்க எம்ரிஸ், அந்தக் கொட்டகைக் கதவையாவது சரி பண்ணு. பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை சாமான் வாங்க டவுனுக்குப் போனாள்.

எம்ரிஸ் கொட்டகைக் கதவைச் சரிசெய்தார். முற்றத்தைக் கூட்டினார். பிறகு வாசலில் நின்று, வரப்போகிறவர்களின் கண்ணால் தன் பண்ணையைப் பார்த்தார். மேலே வீடு பளிச்சென்று இருந்தது. கீழே, அவர்கள் கார் நிறுத்தப்போகிற இடத்திலேயே, அந்த வேலி. சந்தைக்காரர்களின் சிரிப்பு காதில் விழுந்தது. விருந்தாளி வருகிற நாளில் வீட்டுத் தலைவன் முகம் மழிக்காமல் நிற்பது மாதிரி அவருக்கு இருந்தது.

சத்தியம் ஞாபகம் இல்லாமல் இல்லை. நன்றாகவே ஞாபகம் இருந்தது. ஆனால் டெலித் முட்டை காட்டியது அந்த ஒரு பெரிய புதரில்தானே? அதை விட்டுவிட்டு, இப்படியும் அப்படியும் நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் கொஞ்சம் ஒழுங்கு செய்தால் என்ன? முட்டை என்று அவர் மனதில் இருந்தது கோழி முட்டை அளவுக்கு இல்லாவிட்டாலும், தேடினால் ஒரு விவசாயியின் கண்ணுக்குத் தட்டுப்படுகிற ஏதோ ஒன்று. வேலியோரமாக ஒரு நடை நடந்து பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. பார்த்துவிட்டோம் என்ற திருப்தியோடு பழைய டிராக்டரை எடுத்தார். அதன் பக்கவாட்டில் நீளும் இரும்புக் கையும், கை நுனியில் சுழலும் கத்திகளும் துருப்பிடித்திருந்தாலும் வேலை செய்தன.

வெட்ட வெட்ட அவருக்கு உற்சாகம் பிறந்தது. புல்வெளிக்குள் வந்த இளங்கன்றுகளைத் தரையோடு வழித்தெடுத்தார். பக்கங்களைச் செங்குத்தாக இழைத்தார். நடுவில் அந்தப் பெரிய புதரை மட்டும் குடுமி மாதிரி விட்டுவைத்தார். இருட்டுவதற்குள் முடித்து, இறங்கி நின்று பார்த்தபோது, அப்பா இருந்தால் முதுகில் தட்டியிருப்பார் என்று தோன்றியது.

டவுனிலிருந்து திரும்பிய நெஸ்டா அவர் கோட்டில் குத்தியிருந்த முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

"என்ன இது, முள்ளம்பன்றியோட கட்டிப் புரண்டியா?"

"நாளைக்கு வர்றவங்களுக்காகக் கொஞ்சம் சுத்தம் பண்ணினேன்."

"இப்பவாவது புத்தி வந்துச்சே."

சனிக்கிழமை காலை கார்கள் வந்து வேலியோரம் நின்றன. கம்பளித் தொப்பியும் ரப்பர் பூட்ஸுமாக ஒரு கூட்டம் இறங்கியது. எம்ரிஸ் சேப்பலுக்குப் போடுகிற ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு கை நீட்டியபடி அவர்களை நோக்கி நடந்தார். அந்தக் கையை யாரும் பிடிக்கவில்லை. எல்லோரும் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெண்மையாகக் கிழிந்து நின்ற குச்சி முனைகளை ஒரு பெண் தொட்டுப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

டெலித் வேலியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து போய்த் திரும்பி வந்தார். எம்ரிஸ் அவரைப் பல வருஷமாக அறிவார். அந்த அம்மாவின் கண் கலங்கி அவர் பார்த்ததில்லை.

"அந்தப் பெரிய புதர் அப்படியே இருக்கே..." என்று ஆரம்பித்தார் எம்ரிஸ்.

"அதுல போன வருஷமே ஒண்ணும் இல்ல. அது கிழட்டுக் கட்டை. இளங்கன்றுலதான் முட்டை போடும். வயலுக்குள்ள வந்துச்சே, அந்தக் கன்றுங்கதான் எல்லாமே." டெலித் மூக்கை உறிஞ்சினார். "யார் பண்ணினது எம்ரிஸ்?"

கூட்டம் முழுக்க அவரைப் பார்த்தது. அவர் காலடியில் தரை திறந்தால் இறங்கிப் போயிருப்பார். தரை திறக்கவில்லை, வாய்தான் திறந்தது.

"கெரைன்ட்," என்றார். "நான் இல்லாத நேரத்துல வந்து... நான் சொல்லித்தான் வெச்சிருந்தேன்."

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் கடிபட்ட நாக்கு சொன்னதைத் திருப்பி எடுக்காது. "ச்சே, அந்தப் பையனா!" என்று யாரோ சொல்ல, எல்லோரும் எம்ரிஸின் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார்கள். ஒவ்வொரு தட்டும் செருப்படியாக விழுந்தது.

பிறகு டெலித் மண்டியிட்டார். அவரைப் பார்த்து எல்லோரும் ஈரத்தில் மண்டியிட்டார்கள். வெட்டுப்பட்டுச் சிதறிக் கிடந்த குச்சிகளில் ஏதாவது முட்டை தப்பியிருந்தால், அந்தக் குச்சியை உயிருள்ள கிளையோடு நூலால் கட்டிவிடலாம். வசந்தத்தில் புழு வெளியே வந்து ஊர்ந்து போய்ப் பிழைத்துக்கொள்ளும். எம்ரிஸும் மண்டியிட்டார். சிவப்புத் தொப்பிக்காரர் ஒருவர் எதையோ கண்டுபிடித்து, பூதக்கண்ணாடியை எம்ரிஸின் கையிலேயே கொடுத்தார். இந்த முறை எம்ரிஸ் சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியையும் எடுத்து மாட்டினார்.

முள்ளின் அடியில் ஒரே ஒரு கசகசா. அவ்வளவுதான். ஆனால் கண்ணாடி வழியாகப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று, சுற்றிலும் யாரோ உட்கார்ந்து செதுக்கிய மாதிரி குழி குழியாக. இதைத்தான் அவர் அழகு என்று பார்க்காமலே சொன்னார். இதைத்தான் நேற்று நடந்தபடியே தேடி, இல்லை என்று முடிவு கட்டினார். அன்றைக்கு "தெரியலையே டெலித்தம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்று இத்தனை பேர் சேற்றில் தவழ வேண்டியதில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, இப்போது கெரைன்டையும் இழுத்து விட்டாயிற்று.

மழை தூற ஆரம்பித்ததும் எல்லோரும் மேலே வீட்டுக்கு வந்தார்கள். நெஸ்டா இரும்புக்கல்லில் சுட்டெடுத்த திராட்சை கேக்குகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கீழே நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. அடுக்களை மேஜையைச் சுற்றி ஈரக் கோட்டுகளின் வாசனையோடு எல்லோரும் நெருக்கி உட்கார்ந்த நேரத்தில், பின்கதவைத் தட்டிவிட்டுக் கெரைன்ட் உள்ளே வந்தான். முகம் மழித்து, நல்ல சட்டை போட்டிருந்தான்.

"வா கெரைன்ட்," என்றார் டெலித். அந்தக் குரலைக் கேட்டதும் நெஸ்டா திரும்பினாள். "கீழ்வயல் வேலியைப் பார்த்தோம். உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? நீயே முட்டை தேடினவன்தானே? பள்ளத்தாக்கு முழுக்க உன்னை நம்பி வேலையைக் குடுங்கன்னு சொல்லிட்டு இருந்தேன். இப்ப எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்வேன்?"

கெரைன்டுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் எம்ரிஸைப் பார்த்தான். எம்ரிஸ் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார். அதற்குள் அவன் எல்லாவற்றையும் புரிந்துகொண்டான் என்பது, நிமிர்ந்து பார்க்காமலே அவருக்குத் தெரிந்தது.

இப்போது சொல்லிவிடுவான், சொல்லட்டும், சொல்லித் தொலைக்கட்டும் என்று எம்ரிஸ் காத்திருந்தார்.

"தப்புதான்," என்றான் கெரைன்ட். "கவனம் பிசகிடுச்சு. மன்னிச்சுக்குங்க."

தொப்பியை எடுத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டான். ஒரு மனிதனை அவன் வீட்டு மேஜையில், அவன் பெண்டாட்டியும் விருந்தாளிகளும் பார்க்கப் பொய்யன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. எம்ரிஸுக்குப் பொய் சொல்ல வாய் வந்தது; அவனுக்கு உண்மை சொல்லக்கூட வரவில்லை.

நெஸ்டா தேநீர்ப் பாத்திரத்தோடு மேஜையைச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு கோப்பையாக நிரப்பினாள். எம்ரிஸின் கோப்பை காலியாக இருந்தது. அதைத் தாண்டிப் போய் அடுத்த கோப்பையை நிரப்பினாள்.

எம்ரிஸ் எழுந்தார். நாற்காலி கிறீச்சிட்டது.

"வேலியை வெட்டினது நான்," என்றார். "கெரைன்ட் இல்ல."

சிவப்புத் தொப்பிக்காரர் தலையை ஆட்டினார். "எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு!"

"இல்லைங்க, நிஜமாத்தான் சொல்றேன்..."

"உட்காரு எம்ரிஸ்," என்றார் டெலித், இதுவரை அவரிடம் காட்டாத கனிவோடு. "பையன் பேர் கெடக் கூடாதுன்னு பழியைத் தூக்கி உன் தலையில போட்டுக்கிற. உன் குணம் எனக்குத் தெரியாதா? இப்படி ஒரு மனுஷனோட பண்ணையில போய் இப்படி ஆகிப் போச்சே, அதுதான் எனக்கு ஆத்திரம்."

எதிரே இருந்த பெண்ணுக்குக் கண் பனித்தது. எல்லோரும் அவரை அன்போடு பார்த்தார்கள். இந்த ஊரில் யாரும் அவரை அப்படிப் பார்த்து நெடுநாள் ஆகிறது. நியாயமாக உட்கார்ந்து கேக்கை எடுத்துக் கடிக்கலாம். உண்மையைச் சொல்லியாயிற்று, நம்பாதது அவர்கள் பாடு. உட்காரவும் செய்தார். உட்கார்ந்தே விட்டார். அதை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் உடம்பு கூசும். ஒரு கேக்கை எடுத்தும் விட்டார்.

நெஸ்டா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கேக்கை வைத்துவிட்டுப் பின்கதவு வழியே வெளியே போனார். கொட்டகையிலிருந்து டிராக்டர் இருமிக்கொண்டு கிளம்பியது. நெஸ்டா தேய்த்துக் கழுவிய வாசல் கல்லில் சேறு தெறிக்க, அதை வீட்டைச் சுற்றி ஓட்டி வந்து அடுக்களை ஜன்னலுக்கு நேராக நிறுத்தினார். இரும்புக் கையை உயர்த்தி, கத்திகளை ஜன்னலுக்குக் காட்டினார். கத்திகளின் இடுக்கெல்லாம் கருமுள் பட்டையும் நசுங்கிய குச்சியும் பச்சை காயாமல் திணிந்து கிடந்தன.

இயந்திரத்தை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர்கள் பேசுவது கேட்கும். கண்ணாடிக்குப் பின்னால் முகங்கள் ஒவ்வொன்றாக மாறுவதை மேலே உட்கார்ந்தபடி பார்த்தார். சிவப்புத் தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றினார். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டெலித் மட்டும் வெகு நேரம் கத்திகளையே பார்த்துவிட்டு வெளியே வந்து, மழையில் டிராக்டரின் பக்கத்தில் நின்றார். எம்ரிஸ் இயந்திரத்தை அணைத்தார்.

"அந்தப் பையனை அத்தனை பேர் முன்னாடி நான் பேசின பேச்சு..." என்றார் டெலித். குரல் உடைந்திருந்தது. "நான் என்னன்னு பேசினேன் பார்த்தியா?"

"நான்தான் பேச வெச்சேன்."

"அவன்கிட்ட எப்படிப் போய் நிக்கப் போறோம்?"

எம்ரிஸ் சரிவைப் பார்த்தார். டிராக்டர் இருக்கையின் உயரத்திலிருந்து அவருக்குக் கீழ்வயல் தெரிந்தது. கெரைன்டின் வேன் போகவில்லை, வாயிற்கதவோரம் நின்றிருந்தது. வேலியடியில் ஓர் உருவம் நல்ல சட்டையோடு மண்டியிட்டிருந்தது.

அவர் இறங்கி, தனியாகவே சரிவில் நடந்தார். கெரைன்ட் நிமிரவில்லை. வெட்டுப்பட்ட குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து, முள்ளைச் சுற்றிப் பார்த்து, சிலவற்றை வலப்பக்கம் போட்டான், மிகச் சிலவற்றை இடப்பக்கம் ஒரு கைக்குட்டைமேல் வைத்தான். முழங்கால் வரை சேறு.

"அவங்ககிட்டச் சொல்லிட்டேன்," என்றார் எம்ரிஸ்.

"ம்."

"டிராக்டரைக் காட்டிட்டேன். டெலித்தம்மா உன்கிட்ட வந்து பேசணும்கிறாங்க. கெரைன்ட், நான்..."

அவன் திட்டினால் தேவலாம் போலிருந்தது. ஒரு கெட்ட வார்த்தை, ஒரு முறைப்பு, ஏதாவது. அவன் இன்னொரு குச்சியை எடுத்தான். எம்ரிஸ் அவனுக்குப் பக்கத்தில் மெல்ல மண்டியிடப் போனார்.

"அங்க முட்டி வைக்காதீங்க," என்றான் கெரைன்ட். "அதுல ஒண்ணு உயிரோட இருக்கு."

எம்ரிஸ் சட்டென்று முழங்காலைத் தூக்கினார். அதை வேறு எங்கே வைப்பதென்று தெரியாமல், வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் மழையில் நின்றார்.